அம்பாசடருக்கு எந்த ஸ்பார்க் ப்ளக் சரி?

2014-ல் உற்பத்தி நின்றுவிட்டாலும், சில வீட்டு வாசல்களில் அம்பாசடர் இன்னும் குடும்பத்தில் ஒருவராகவே நிற்கிறது. அதற்குப் புது ப்ளக் வாங்கும்போது, 'மரை பொருந்தினால் போதும்' என்று நினைப்பதுதான் முதல் தப்பு.

பழைய 1,489 சிசி பெட்ரோல் இன்ஜினுக்கு 14 மி.மீ. மரையும், 19 மி.மீ. மரை நீளமும் கொண்ட ப்ளக் வேண்டும். நீளம் கூடினால் பிஸ்டனில் இடிக்கலாம். குறைந்தால் இன்ஜின் பக்க மரையில் கரி படியும்.

அடுத்தது 'ஹீட் ரேஞ்ச்'. குழப்பமே இங்கேதான்! என்ஜிகே ப்ளக்கில் எண் கூடக் கூட, சூட்டை வேகமாக வெளியேற்றும் 'கோல்டு' வகை. பாஷ், சாம்பியனில் அப்படியே தலைகீழ். எண் கூடினால் 'ஹாட்'. எண்ணை மட்டும் பார்த்து பிராண்டு மாற்றினால், சூடு தாங்காமல் பிஸ்டனே ஓட்டையாகலாம். இரண்டு பிராண்டுகளுக்கும் இணையான எண் எது என்று கடையில் அட்டவணையைக் கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.

சில நாள் ஓட்டிய பிறகு, இன்ஜின் ஆறியதும் ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் சரி. கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது ப்ளக் ரொம்ப 'கோல்டு'. வெள்ளை வெளேரென்று இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். மெக்கானிக்கை வரவழைத்துக் காட்டுங்கள். ப்ளக் மாற்றுவது சின்னச் செலவு. இன்ஜினை இறக்குவது அப்படியல்ல!