முனை பொருந்தினாலும் படம் வராத கேபிள்கள்

கைபேசி, டேப்லெட், கேமரா, ராஸ்பெரி பை போன்ற சிறு கணினி ஆகியவற்றில் உள்ள படத்தைத் தொலைக்காட்சியிலோ புரொஜெக்டரிலோ பெரிதாகக் காண விரும்புவோர், கேபிளின் இரு முனைகளும் இரு கருவிகளின் துளைகளில் பொருந்துகின்றனவா என்று மட்டும் பார்த்து வாங்கிவிடுகின்றனர். செருகியபின் திரை இருண்டே கிடந்தால், கேபிள் பழுது என்றோ தொலைக்காட்சி பழையது என்றோ முடிவு கட்டுகின்றனர். பல வேளைகளில் இரண்டிலும் பழுது இருப்பதில்லை. படம் திரையை அடைய வேண்டுமெனில், கருவிக்குப் படத்தை வெளியே அனுப்பும் திறன் இருக்க வேண்டும். அது பின்பற்றும் நெறிமுறையை, அதாவது சமிக்ஞைகளை வரிசைப்படுத்தி அனுப்பும் விதித் தொகுப்பை, எதிர்முனைத் திரை அறிந்திருக்க வேண்டும். இடையில் உள்ள கேபிளில் அச்சமிக்ஞைக்கு உரிய கம்பிகள் அனைத்தும் இருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்றைக்கூட முனையின் வடிவம் உறுதி செய்வதில்லை.

கேபிள் வழியே செல்லும் படத்தின் அளவை அறிந்தால் சிக்கலின் வேர் விளங்கும். இணையத்திலிருந்து வரும் காணொளி பன்மடங்கு சுருக்கப்பட்டே வருகிறது. ஆனால் கருவியிலிருந்து திரைக்குச் செல்லும் படம் பொதுவாகச் சுருக்கப்படாமல், ஒவ்வொரு படப்புள்ளியின் நிறத்தையும் முழுமையாகச் சுமந்து செல்கிறது. அகலவாக்கில் 1920, உயரவாக்கில் 1080 எனப் புள்ளிகள் கொண்ட திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு 24 பிட் வீதம், நொடிக்கு 60 முறை படம் புதுப்பிக்கப்படும்போது, நொடிக்குக் கிட்டத்தட்ட 300 கோடி பிட் கடந்தாக வேண்டும். 4கே எனப்படும் உயர்தரத் திரைக்கு இது நான்கு மடங்காகி 1,200 கோடியை நெருங்குகிறது. கைபேசிக்கு மின்னேற்றவும் கோப்புகளை மாற்றவும் பயன்படும் யு.எஸ்.பி. 2.0 இணைப்பின் உச்ச வேகமோ நொடிக்கு 48 கோடி பிட் மட்டுமே. ஆகவே சுருக்கப்படாத படம் அக்கம்பிகளில் செல்ல வழியே இல்லை.

இன்றைய தொலைக்காட்சிகளில் பரவலாக உள்ள எச்.டி.எம்.ஐ. இணைப்பின் முதல் தரவரையறை 2002 டிசம்பரில் வெளியானது. வழக்கமான பெரிய முனை, மினி, மைக்ரோ என அதற்கு மூன்று அளவுகள் பழக்கத்தில் உள்ளன. மூன்றிலும் 19 தொடுமுனைகளே இருப்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதற்கு இடையில் எந்த மின்னணுச் சில்லும் தேவைப்படுவதில்லை. ராஸ்பெரி பை சீரோவுக்கு மினி முனையும், 2019இல் வந்த ராஸ்பெரி பை 4க்கு மைக்ரோ முனையும் தேவை என்ற அளவில் இத்தேர்வு எளிதாக முடிந்துவிடுகிறது. கணினித் துறையினர் உருவாக்கிய டிஸ்ப்ளேபோர்ட் 2006இல் வெளியான வேறொரு நெறிமுறை. டிஸ்ப்ளேபோர்ட்டில் புறப்படும் படத்தை எச்.டி.எம்.ஐ. திரையில் காட்டுவதற்கென விற்கப்படும் கேபிள்கள் ஒருவழிப் பாதைகள். அவற்றைத் திருப்பிச் செருகி எச்.டி.எம்.ஐ. கருவியை டிஸ்ப்ளேபோர்ட் திரையுடன் இணைக்க முடியாது.

குழப்பம் மிகுவது யு.எஸ்.பி. டைப்-சி முனையில்தான். 2014இல் வரையறுக்கப்பட்ட இம்முனையின் துளையில் 24 தொடுமுனைகள் உள்ளன. அவற்றுள் எட்டு, இரண்டிரண்டாக இணைந்து நான்கு உயர்வேகத் தடங்களாகின்றன; மற்றவை மின்சாரம், யு.எஸ்.பி. 2.0 தரவு, துணைச் சமிக்ஞைகள் ஆகியவற்றுக்கு உரியவை. கேபிள் செருகப்பட்டதும் இருமுனைக் கருவிகளும் அதற்கென உள்ள கம்பியின் வழியே ஒன்றையொன்று விசாரித்துக்கொள்கின்றன. இரண்டும் இசைந்தால் உயர்வேகத் தடங்கள் யு.எஸ்.பி. பணியை விட்டு டிஸ்ப்ளேபோர்ட் சமிக்ஞையைச் சுமக்கத் தொடங்குகின்றன. மாற்றுப் பயன்முறை எனப்படும் இந்த ஏற்பாடு கருவியை உருவாக்குவோரின் விருப்பத்துக்கு விடப்பட்டிருப்பதால், டைப்-சி துளை உள்ள கைபேசிகளிலும் மிகப் பல படத்தை அனுப்ப இயலாதவையாகவே வெளிவருகின்றன.

கருவிக்கு அத்திறன் இருந்தாலும் கேபிள் கைவிடலாம். கைபேசியுடன் பெட்டியில் வரும் மின்னேற்றக் கேபிள்கள் பலவற்றில் அந்த நான்கு உயர்வேகத் தடங்களுக்கான கம்பிகளே இல்லை. மதகு எத்தனை உறுதியாகக் கட்டப்பட்டிருந்தாலும் அதற்கு அப்பால் வாய்க்கால் வெட்டப்படாவிட்டால் வயலுக்கு நீர் போய்ச் சேராதது போன்ற நிலை இது. ஆப்பிள் நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஐபோன் 15 இதற்குத் தெளிவான சான்று: அதன் டைப்-சி துளை 4கே படத்தை அனுப்ப வல்லது; ஆனால் அதன் பெட்டியில் உள்ள கேபிள் யு.எஸ்.பி. 2.0 வகையைச் சேர்ந்தது என்பதால், அதைக் கொண்டு எந்தத் திரையிலும் படம் பார்க்க முடியாது.

பல துளைகள் கொண்ட இணைப்புப் பெட்டிகளில் வேறொரு கட்டுப்பாடு தோன்றுகிறது. நான்கு தடங்களையும் படத்துக்கே கொடுத்துவிட்டால் வேகமான யு.எஸ்.பி. தரவுக்குத் தடம் மிஞ்சாது என்பதால், இப்பெட்டிகள் பெரும்பாலும் இரண்டைப் படத்துக்கும் இரண்டைத் தரவுக்கும் பகிர்ந்தளிக்கின்றன. தடம் ஒன்றுக்கு நொடிக்கு 540 கோடி பிட் என்ற பழைய வேகத்தில், குறிமுறைக்காக ஐந்தில் ஒரு பங்கு கழிந்தபின், இரு தடங்களிலும் சேர்த்து 864 கோடியே எஞ்சுகிறது. 4கே படம் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்பட இது போதாது. 30 முறைக்குப் போதும். பெட்டியின் அட்டையில் 4கே என்று பெரிதாக அச்சிட்டு, 30 என்ற எண்ணைச் சிறிதாகக் குறிப்பதற்கான காரணங்களுள் இதுவும் ஒன்று.

ஒரே துளைக்குள் வெவ்வேறு நெறிமுறைகள் ஒளிந்திருப்பது டைப்-சியுடன் தொடங்கியதன்று. மைக்ரோ யு.எஸ்.பி. காலத்திலேயே எம்.எச்.எல்., ஸ்லிம்போர்ட் என இரு முறைகள் ஒரே வடிவத் துளையைப் பகிர்ந்துகொண்டன. சாம்சங் கேலக்ஸி எஸ்2 முன்னதையும், 2012இல் வந்த நெக்சஸ் 4 பின்னதையும் ஏற்றன. ஒன்றுக்கு வாங்கிய இணைப்பி மற்றதில் பொருந்தும், ஆனால் இயங்காது.

இவ்வரலாற்றில் மிகவும் வியப்புக்குரியது, ஐபோன் 5 உடன் 2012இல் அறிமுகமான லைட்னிங் முனைக்காக ஆப்பிள் விற்ற எச்.டி.எம்.ஐ. இணைப்பி. பக்கத்துக்கு எட்டுத் தொடுமுனைகளே கொண்ட அச்சிறு முனையில் எச்.டி.எம்.ஐ. சமிக்ஞையை நேரடியாக அனுப்ப இடமில்லை. விரல் நீளமே உள்ள அந்த இணைப்பியின் வழியே வந்த படத்தில், சுருக்கப்பட்ட காணொளிக்கே உரிய கட்டம் கட்டமான சிதைவுகள் தென்படுவதைக் கண்ட பேனிக் என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனத்தினர், 2013இல் அதை அறுத்துப் பார்த்தபோது உள்ளே 256 மெகாபைட் நினைவகத்துடன் ஒரு ஏ.ஆர்.எம். செயலி இருந்தது. கைபேசி தன் திரைப் படத்தைக் காணொளியாகச் சுருக்கி அனுப்ப, இணைப்பிக்குள் இருந்த கணினி அதை விரித்து எச்.டி.எம்.ஐ. சமிக்ஞையாக மாற்றித் தொலைக்காட்சிக்குக் கொடுத்தது. வாங்கியவர்கள் கம்பி என்று எண்ணியிருந்த பொருள் ஒரு முழுக் கணினியாகவே இருந்தது. குறுகிய வழியில் பெரிய படத்தைக் கொண்டு செல்ல, மிகுதியான கம்பிகளுக்கு மாற்றாக மிகுதியான கணிப்புத் திறனைச் செலவிடலாம் என்ற பொறியியல் உண்மையை இவ்விணைப்பி போல் துலக்கிய பொருள் வேறில்லை; படத்தின் கூர்மையில் ஏற்பட்ட இழப்பு அதற்குக் கொடுத்த விலை.

இவற்றைக் கருத்தில் கொண்டால் தேர்வு முறை தானே தெளிவாகிறது. முதலில் பார்க்க வேண்டியது கருவியின் விவரக் குறிப்பு. அதில் டிஸ்ப்ளேபோர்ட் வெளியீடு என்றோ காணொளி வெளியீடு என்றோ குறிக்கப்படவில்லையெனில், எத்துணை விலை உயர்ந்த கேபிளும் பயன் தராது. கம்பியில்லா முறையில் திரையைப் பகிர்வதே அத்தகைய கைபேசிக்கு எளிய வழி. மடிக்கணினியாயின் துளையருகே டிஸ்ப்ளேபோர்ட் சின்னமோ மின்னல் குறியோ உள்ளதா என்று நோக்கலாம். அடுத்து, ஒரு முனை டைப்-சியாகவும் மறுமுனை எச்.டி.எம்.ஐ. ஆகவும் உள்ள கேபிளில் மாற்றிச் சில்லு அடங்கியிருப்பதால், அது ஒரு திசையில் மட்டும் இயங்கும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். திரை தொலைவில் இருப்பின், நீளம் கூடக்கூட உயர்வேகச் சமிக்ஞை நலிவுறும் என்பதால், சிறிய இணைப்பியைக் கைபேசியருகே வைத்து, எஞ்சிய தொலைவை நல்ல எச்.டி.எம்.ஐ. கேபிளால் நிரப்புவது நன்று. 4கே படத்தை நொடிக்கு 60 முறை காண விரும்புவோர், பிரீமியம் ஹை ஸ்பீடு அல்லது அதனினும் உயர்ந்த தரச்சான்று பெற்ற கேபிளைக் கேட்டு வாங்க வேண்டும்.

இத்தனையையும் வாங்குவோரே அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையாகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் கைபேசிகளுக்கு டைப்-சி துளை கட்டாயமாகியுள்ளது. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் 2023இல் டைப்-சிக்கான இந்தியத் தரத்தை வெளியிட்டது. ஒரே மின்னேற்றி எல்லாக் கருவிகளுக்கும் உதவுவதால் மின்னணுக் குப்பை குறையும் என்ற நோக்கம் போற்றத்தக்கதே. ஆனால் துளையின் வடிவத்தை ஒன்றாக்கியவர்கள், அதன் வழியே எது செல்லும் என்பதைக் கருவியின் மீதும் கேபிளின் மீதும் தெளிவாக அச்சிடச் செய்யாதவரை, படம் வராத கேபிளை ஒதுக்கிவிட்டு இன்னொன்றை வாங்கும் வழக்கம் தொடரும். மின்னேற்றிகளில் குறைந்த குப்பை கேபிள்களில் பெருகும். விற்பனையாளரிடம் விலையை விசாரிக்கும் முன் இந்தக் கேபிள் படத்தைக் கொண்டு செல்லுமா, எந்த அளவிலான படத்தை, எந்தத் திசையில் என்று கேட்கும் வழக்கம் பரவினால், அவற்றுக்கான விடையைப் பெட்டியின் மேல் அச்சிட வேண்டிய கட்டாயம் உற்பத்தியாளர்களுக்குத் தானாகவே வந்து சேரும்.