கத்திக்கு முன் கடல்

யாழ்ப்பாணத் தீவகத்தில், நெடுந்தீவில் ஒரு வீட்டில் இரண்டு கிலோ எடையுள்ள பொமேரியன் பெட்டை நாய் ஒன்று வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்விப்பதென்றால் வீட்டார் காலையில் படகேறி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலில் வந்து, குறிகட்டுவானில் இறங்க வேண்டும். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணம் சேர பஸ்ஸில் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நயினாதீவாருக்குக் கடல் கொஞ்சம், தரை அதே அளவு. ஊர்காவற்றுறையாருக்குப் படகு தேவையில்லை. பஸ்ஸின் குலுக்கலும் காத்திருப்பும் மட்டுமே. இந்தப் பயணத்தை எல்லோரும் வெறும் அலைச்சலாகவே பார்க்கிறோம். சத்திரசிகிச்சை மேசையில்தான் தொடங்குகிறது என்று நினைக்கிறோம். மிகச் சிறிய நாய் விடயத்தில் அந்தக் கணக்குப் பிழைக்கிறது. அந்த உடம்புக்கு வரும் ஆபத்தில் பெரும்பங்கு கத்திக்கு முன்னும் பின்னும் உள்ள மணித்தியாலங்களில் இருக்கிறது. தீவகத்தில் அந்த மணித்தியாலங்கள் கடலிலும் வீதியிலும் கழிகின்றன. ஆகவே பயணத்தைத் திட்டமிடுவதும் சத்திரசிகிச்சையின் ஒரு பகுதியே.

பிரித்தானியாவில் 2002 முதல் 2004 வரை மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஏறத்தாழ 98,000 நாய்களைப் பற்றிய பெரிய ஆய்வொன்று 2008இல் வெளிவந்தது. ஆரோக்கியமான நாய்களில் மயக்கத்தோடு தொடர்புபட்ட மரணம் ஏறத்தாழ 2,000க்கு ஒன்று. நோயோடு வந்த நாய்களில் அது நூற்றுக்கு ஒன்றைத் தாண்டியது. ஐந்து கிலோவுக்குக் குறைந்த நாய்களுக்கு, நடுத்தர உடம்புள்ளவற்றை விட ஆபத்து பல மடங்கு கூடுதலாக இருந்தது. இறந்தவற்றில் கிட்டத்தட்டப் பாதி, மயக்க மருந்தை நிறுத்திய பிறகே இறந்தன. அவற்றிலும் ஏறத்தாழப் பாதி முதல் மூன்று மணித்தியாலத்துக்குள் இறந்தன. மத்தியானம் தையல் போட்ட நாயைத் தூக்கிக்கொண்டு பின்னேரப் படகுக்கு ஓடுபவர், வைத்தியரின் கண் மிக அவசியமான அந்த மூன்று மணித்தியாலத்தை பஸ்ஸிலும் இறங்குதுறையிலும் செலவழிக்கிறார்.

முதலில் பசியை எடுத்துக்கொள்வோம். “இரவு எட்டு மணிக்குப் பிறகு ஒண்டும் குடுக்காதேங்கோ” என்பது வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை. மயக்கத்தில் வாந்தி எடுத்து அது மூச்சுக்குழாய்க்குள் போகாமல் இருக்கவே இந்தக் கட்டுப்பாடு. பதினைந்து கிலோ ஊர்நாய்க்கு அதனால் பெரிய கெடுதி இல்லை. இரண்டு கிலோ நாயின் ஈரலில் சேமிப்பு மிகக் குறைவு. நீண்ட நேரம் பட்டினி கிடந்தால் இரத்தத்தில் சீனி இறங்கிவிடும். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்ட நெடுந்தீவு நாய்க்கு மத்தியானம் பன்னிரண்டு மணிக்கே முறை வந்தால், அது பதினாறு மணித்தியாலப் பட்டினி. அமெரிக்க விலங்கு வைத்தியசாலைகள் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி, ஆரோக்கியமான நாய்க்கு நான்கு முதல் ஆறு மணித்தியாலப் பட்டினி போதும் என்கிறது. இரண்டு கிலோவுக்குக் குறைந்தவற்றுக்கு ஒன்றிரண்டு மணித்தியாலமே போதும். தண்ணீரை அவ்வளவு முன்னதாக நிறுத்த வேண்டியதும் இல்லை. ஆனால் சாப்பிட்ட கையோடு படகேற்றினால் வாந்தி வரும். ஆகவே எத்தனை மணிக்கு மேசைக்கு எடுப்பார்கள் என்று வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டு, அதற்கேற்ப சாப்பாட்டு நேரத்தை அவரைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். வழியில் நாய் சோர்ந்து, நடுங்கி, தள்ளாடினால் ஈறில் கொஞ்சம் குளுக்கோசுக் கரைசலோ தேனோ தடவிக்கொண்டு உடனே வைத்தியரை அழைக்க வேண்டும். வைத்தியசாலை சேர்ந்ததும் அதை மறைக்காமல் சொல்லவும் வேண்டும்.

அடுத்தது குளிர். யாழ்ப்பாண வெயிலில் என்ன குளிர் என்று கேட்பார்கள். நாயின் இயல்பான உடல்வெப்பம் 38 முதல் 39 பாகை செல்சியஸ் வரை. 30 பாகைக் காற்றுகூட அதைவிட எட்டுப் பாகை குறைவு. உடம்பு சிறுக்கச் சிறுக்க, எடையோடு ஒப்பிடும்போது தோலின் பரப்புக் கூடுகிறது. வெப்பம் வேகமாக வெளியேறுகிறது. மயக்கத்தில் உடம்பு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் முடியாது. வயிற்று மயிரை வழித்து, ஸ்பிரிட் தடவி, வயிற்றைத் திறந்து வைத்திருக்கும்போது வெப்பம் இன்னும் விரைவாக இறங்கும். உடல் குளிர்ந்தால் மருந்து மெதுவாகவே கழியும், விழிப்புத் தாமதமாகும், இரத்தம் உறைவதும் பிந்தும். கடற்சாரல் பட்டு நனைந்த மயிரோடு வந்த நாய் இந்தப் பாதையில் ஏற்கெனவே பாதி தூரம் போய்விட்டது. மூடியுள்ள, காற்றுத்துளை உள்ள பெட்டி, அடியில் உலர்ந்த துவாய், மாற்றுவதற்கு இன்னொன்று: இவ்வளவு போதும். சுடுதண்ணீர்ப் போத்தல் வைப்பதென்றால் துணியில் நன்றாகச் சுற்றியே வைக்க வேண்டும். மயக்கம் தெளியாத நாய் சுட்டாலும் விலகிப் படுக்காது.

மூன்றாவது எடை. பொமேரியனின் மயிர் கண்ணை ஏமாற்றும். மூன்று கிலோ இருக்கும் என்று கண்ணால் மதித்த நாய் உண்மையில் இரண்டு கிலோவாக இருந்தால், மருந்து ஒன்றரை மடங்காகிவிடும். இருபது கிலோ நாயில் 200 கிராம் பிழை நூற்றுக்கு ஒன்று. இரண்டு கிலோ நாயில் அது நூற்றுக்குப் பத்து. புறப்படுமுன் பலசரக்குக் கடையின் இலத்திரனியல் தராசில் வெறும் பெட்டியை ஒருமுறையும், நாயோடு ஒருமுறையும் நிறுத்து, கழித்து எழுதிக்கொண்டு போகலாம். அங்கும் மறுபடி நிறுக்கும்படி கேட்கலாம். நாயின் இரத்தம் கிலோவுக்கு 80 முதல் 90 மில்லிலீற்றர். இரண்டு கிலோ நாயின் உடம்பில் ஓடும் இரத்தம் முழுவதும் ஒரு தேநீர்க் கோப்பைக்குள் அடங்கும். உண்ணிக் காய்ச்சல் இருந்தால் இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருக்கக்கூடும்; ஆகவே உண்ணி நீக்கமும் இரத்தப் பரிசோதனையும் சில வாரங்களுக்கு முன்பே நடக்க வேண்டும். தடுப்பூசிகளையும் அப்போதே முடிக்கலாம். சின்ன இன நாய்களில் விழாத பாற்பற்கள் சாதாரணம். அதே மயக்கத்தில் அவற்றையும் அகற்ற முடியுமா என்று கேட்டு வைத்தால் இன்னொரு கடற்பயணமும் இன்னொரு மயக்கமும் மிச்சம்.

இவையெல்லாம் சேர்ந்து தீர்மானிப்பது திகதியை. பருவத்தில் இருக்கும் நாயின் கருப்பையின் இரத்தக்குழாய்கள் நிறைந்து தடித்திருக்கும். பருவம் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழிப்பது நல்லது. முதற்பருவத்துக்கு முன் செய்வதானால் ஐந்தாறு மாத வயது பொருத்தம். அதோடு காற்றையும் பார்க்க வேண்டும்: சோழகம் கடலைக் கிளப்பும் மாதங்களும், வாடையும் மழையும் சேரும் மாதங்களும் நெடுந்தீவுப் படகுக்கு உகந்தவை அல்ல. ஆனியில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கும், வெசாக்குக்கும் குறிகட்டுவானில் திரளும் கூட்டத்தில் தையலோடு ஒரு நாய் நிற்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் இரவும் அன்றிரவும் நகரத்தில் தங்க ஓர் இடம் வேண்டும். முதல் இரவு பட்டினியையும் குளிரையும் குறைக்கும். இரண்டாம் இரவு அந்த ஆபத்தான மணித்தியாலங்களை வைத்தியரின் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கும்.

இவ்வளவு ஆபத்தென்றால் விட்டுவிடலாமே என்பது நியாயமான கேள்வி. விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் எடைபோட வேண்டும். சுவீடனின் காப்புறுதித் தரவுகளின்படி, கருத்தடை செய்யாத பெட்டை நாய்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் கருப்பையில் சீழ் பிடிக்கிறது. முலைப் புற்றுநோயை இந்தச் சத்திரசிகிச்சை தடுக்கிறது என்ற 1969ஆம் ஆண்டு ஆய்வு பெரிதாகப் பேசப்பட்டாலும், 2012இல் வந்த மீளாய்வு அந்தச் சான்று பலவீனமானது என்றது. ஆகவே அதை முதன்மைக் காரணமாக்க வேண்டாம். முதன்மையான காரணம் வேலிப் பொட்டு. அதனூடாக நுழைந்த பெரிய ஊர்க்கடுவனிடம் சினைப்பட்ட சின்னப் பெட்டைக்குப் பிரசவத்தில் குட்டி சிக்கினால், சோழகக் கடலில், நடு இரவில், வயிற்றை வெட்ட எங்கே போவது? தப்பிப் பெற்றாலும் பால் கொடுக்கும் நாள்களில் கல்சியம் இறங்கி வலிப்பு வருவது சின்ன நாய்களுக்கே கூடுதல். ஒருமுறை குட்டி போட்டால் உடம்புக்கு நல்லது என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. கருத்தடை ஊசி மலிவுதான். ஆனால் அதிலுள்ள ஓமோன் கருப்பைச் சீழுக்கும் முலைக்கட்டிக்கும் நீரிழிவுக்கும் வழிவிடுகிறது. நாள் குறித்துச் செய்யும் சத்திரசிகிச்சையின் ஆபத்தை ஆயத்தத்தால் குறைக்கலாம். அவசரத்தில் செய்வதை அப்படிக் குறைக்க முடியாது.

ஒரு நாய்க்கு இரண்டு இரவா, மாட்டுக்கும் ஆட்டுக்குமே வைத்தியர் போதாதே என்ற மறுப்பும் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் இங்கே கேட்கப்படுவது கூடுதல் வளமல்ல, ஒழுங்கு. இலங்கையில் தெருநாய்களைக் கொல்வதில்லை என்ற கொள்கை 2006இல் வந்த பிறகு, விசர்நோய்த் தடுப்பூசியோடு கருத்தடை முகாம்களும் பரவலாயின. அந்த முகாம்கள் ஊர்நாயை மனதில் வைத்து அமைந்தவை: வரிசை, ஒரே அறிவுரை, அன்றே வீடு. அந்த அச்சில் இரண்டு கிலோ நாய் அடங்காது. தீவகத்திலிருந்து வருவோருக்கு அன்றைய முதல் முறையை ஒதுக்குவதும், சின்ன நாய்க்கு வேறு பட்டினி நேரம் சொல்வதும் எந்த வைத்தியசாலைக்கும் செலவில்லை. வீட்டார் செய்ய வேண்டியதும் அதேயளவு எளிது: நாள் குறிக்கும் தொலைபேசி அழைப்பிலேயே நாயின் எடையையும் தீவின் பெயரையும் சொல்வது. திரும்பிய பிறகு நோவுக்கு வீட்டிலுள்ள பனடோலைக் கொடுக்காதிருப்பதும் அவ்வளவே முக்கியம். ஒரு குளிசை 500 மில்லிகிராம். இரண்டு கிலோ நாய்க்கு அது கிலோவுக்கு 250. நூறைத் தாண்டினாலே நாயின் ஈரலுக்கு நஞ்சு. வைத்தியர் தந்த நோமருந்தை, அவர் சொன்ன அளவில், அவர் சொன்ன நாள்வரை கொடுத்து முடிப்பதோடுதான் இந்தச் சத்திரசிகிச்சை முடிகிறது.