சாவிக்கொத்தில் ஒரு 'பட்டறை'!

ராஜபாளையம்:

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா பார்சல் வாங்கியாச்சு. கட்டிய நூலை அறுக்க என்ன செய்கிறோம்? பல்லால் கடிக்கிறோம்! உடைந்த பல் மறுபடி முளைக்குமா?

இதற்குத்தான் இருக்கிறது, சாவிக்கொத்தில் தொங்கும் குட்டிக் கருவி. விரல் நீளம்தான். அதற்குள் கத்தி, கத்தரி, திருப்புளி, முள்வாங்கி எல்லாம் அடக்கம்!

சுவிஸ் ராணுவத்துக்கு 1891-ல் கொடுத்த மடக்குக் கத்திதான் இதன் பாட்டன். அதில் துப்பாக்கியைக் கழற்றத் திருப்புளியும், டின்னைத் திறக்க ஒரு கொக்கியும் இருந்தன.

நமக்கு இது புதுசா? இல்லவே இல்லை! அந்தக் காலத்தில் காட்டுவேலைக்குப் போனவர்கள் அரைஞாண் கயிற்றில் முள்வாங்கி கட்டியிருந்தார்கள். முள் குத்திய இடத்திலேயே எடுத்தாச்சு!

வீட்டில் பெட்டி நிறைய சாமான் இருந்து என்ன பயன்? மில்லில் நூல் வெட்டவும், கடையில் மூட்டை பிரிக்கவும், திருகாணி முடுக்கவும் கையில் இருப்பதுதான் உதவும். விலை கட்டவில்லையா? கத்தி வைத்த நகவெட்டியே போதும்.

இரண்டு எச்சரிக்கை: கரண்ட் வேலைக்கு இதைத் தொடாதீர்கள். முழுக்க இரும்பு; ஷாக் அடிக்கும்! மதுரையில் விமானம் ஏறுவோர் கைப்பையில் வைத்தால் சோதனையில் பறிபோகும். பெரிய பெட்டிக்குள் போட்டுவிடுங்கள்!