பத்தே மாதம் இருந்த யோவா

ஜப்பானில் ஆண்டை எண்ணும் முறை கொஞ்சம் வித்தியாசமானது. ஒரு பெயரை அறிவிப்பார்கள். அன்றிலிருந்து அந்தப் பெயரில் 1, 2 என்று ஆண்டுகள் ஓடும். இதற்கு கெங்கோ என்று பேர். இப்போதெல்லாம் ஒரு பேரரசருக்கு ஒரு பெயர்தான். 1868க்கு முன்னால் அப்படி இல்லை. பஞ்சம், கொள்ளைநோய், போர் என்று எது வந்தாலும் பெயரை மாற்றிவிடுவார்கள். புதுப்பெயர் வைத்தால் கெட்டகாலம் விலகும்னு ஒரு நம்பிக்கை.

அப்படி வந்துபோன ஒன்றுதான் யோவா. 1181 ஆகஸ்டில் தொடங்கி 1182 ஜூனில் முடிந்துவிட்டது. அன்டோக்கு என்ற குழந்தைப் பேரரசர் 1180ல் பட்டமேறியதற்காக வைத்த பெயர் இது. அவருக்கு அப்போது இரண்டு வயதுகூட நிறையவில்லை. உண்மையான அதிகாரம் தாய்வழிப் பாட்டனார் தாய்ரா நோ கியோமோரியிடம் இருந்தது.

யோவா என்று எழுதும் இரண்டு எழுத்துகளில் முதலாவதற்கு ஊட்டி வளர்த்தல் என்று பொருள், இரண்டாவதற்கு இணக்கம். நடந்தது என்னவோ நேர் எதிர். 1180ல் வறட்சி, அதோடு உள்நாட்டுப் போர். தலைநகர் கியோட்டோ சோற்றுக்கு வெளி மாகாணங்களைத்தான் நம்பியிருந்தது. அங்கிருந்து தானியம் வருவது நின்றதும் நகரமே பட்டினி.

அதை நேரில் பார்த்த கமோ நோ சோமெய், 1212ல் ஹோஜோகி என்ற நூலில் எழுதி வைத்திருக்கிறார். ஜனங்கள் சொந்த வீட்டையே பிரித்து விறகாக விற்றார்களாம். நின்னாஜி கோயிலைச் சேர்ந்த ரியூக்யோ என்ற துறவி, தெருவில் கிடந்த ஒவ்வொரு பிணத்தின் நெற்றியிலும் 'அ' என்ற எழுத்தை எழுதினார். சமஸ்கிருத வழியாக பௌத்தம் கொண்டுபோன புனித எழுத்து அது. இரண்டே மாதத்தில், நகரின் கிழக்குப் பாதியில் மட்டும் எண்ணிக்கை 42,300ஐத் தாண்டியதாக சோமெய் சொல்கிறார்.

சரி, இந்தப் பெயரை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்களா? இல்லை. கிழக்கே கமக்கூராவில் இருந்த மினமோட்டோ நோ யோரிடோமோ, தாய்ராக்கள் உட்கார வைத்த பேரரசரின் ஆண்டுப்பெயர் எனக்கு எதற்கு என்று பழைய 'ஜிஷோ'வையே தொடர்ந்தார். கியோட்டோவில் யோவா 2 என்று எழுதிய அதே ஆண்டு, கமக்கூராவில் ஜிஷோ 6. ஒரு கடிதத்தின் தேதியைப் பார்த்தாலே எழுதியவர் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். நாடு உங்களுடையதா என்று கேட்க வேண்டாம், காலண்டர் யாருடையது என்று கேட்டால் போதும்.

பஞ்சம் தீராததால் 1182ல் யோவாவைக் கைவிட்டு ஜுவெய் என்று மாற்றினார்கள். அடுத்த ஆண்டு தாய்ராக்கள் தலைநகரை விட்டு ஓட, அரசவை யோரிடோமோவோடு சமரசத்துக்கு வந்தது. அவரும் ஜுவெய்க்கு மாறினார். 1184ல் கியோட்டோ மறுபடியும் பெயரை மாற்றியபோது கதை அப்படியே தலைகீழ். இந்த முறை புதுப்பெயரை ஏற்காமல் ஜுவெய்யையே பிடித்துக்கொண்டு நின்றவர்கள் தாய்ராக்கள். 1185ல் டன்னோஉரா கடற்போரில் அவர்களும் அன்டோக்குவும் கடலோடு போகும்வரை அது நீடித்தது.

யோவாவை எதிரி ஏற்கவில்லை, வைத்தவர்களே பத்து மாதத்தில் கைவிட்டார்கள். ஆனாலும் அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது, யோவா பஞ்சம் என்று.