பதிவேட்டை நிரப்புவோர் கேள்வியையும் எழுப்பட்டும்

பொது சுகாதாரத் திட்டங்களைத் தாங்கி நிற்பவர்கள் களப்பணியாளர்கள். நோயாளியின் வீட்டுக்குச் செல்பவர்களும், பதிவேட்டை நிரப்புபவர்களும் அவர்களே. அப்பதிவேட்டில் எதைக் கேட்க வேண்டும் என்பதை முடிவு செய்பவர்களோ பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறார்கள். இந்த இடைவெளியைக் குறைப்பதே செயல்பாட்டு ஆய்வின் நோக்கம். திட்டம் எங்கே தடைபடுகிறது என்பதைப் பணியாளர்களே தங்கள் தரவுகளிலிருந்து கண்டறிந்து, நடைமுறையைத் திருத்துவதே இம்முறை.

2022இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' இதன் பயனை உணர்த்துகிறது. காசநோய் மரணங்களில் பெரும்பகுதி, சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் நிகழ்கிறது. ஆகவே, நோய் உறுதியானவுடனேயே ஆபத்தில் இருப்பவர்களைப் பிரித்தறிய வேண்டும். உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், மூச்சு விகிதம், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, துணையின்றி நிற்கும் ஆற்றல் ஆகிய ஐந்தையும் களப்பணியாளர்களே பரிசோதிக்கிறார்கள். நிலைமை தீவிரமானவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார்கள். தேசிய நோய்த்தொற்றியல் நிறுவனத்தின் ஆய்வறிவும் களப்பணியாளர்களின் உழைப்பும் இங்கே கைகோத்தன.

எனினும், ஒரு கேள்வி எஞ்சுகிறது. ஒருவரின் உடல் ஏன் அவ்வளவு மெலிந்தது? நிலமின்மை, கூலியின்மை, நெருக்கடியான குடியிருப்பு ஆகியவற்றை எடைக்கருவி காட்டாது. எந்தத் தெருவில் நோயாளிகள் மிகுதி, எந்தக் குடியிருப்புக்கு மருத்துவ வண்டி வருவதில்லை என்பதைப் பணியாளர் அறிவார். அவ்வறிவுக்குப் படிவத்தில் இடமில்லையெனில், அது ஆய்வுக்குள் வராது.

பணியாளர்களும் சாதியச் சமூகத்திலிருந்தே வருகிறார்கள் என்பதையும் மறந்துவிடலாகாது. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளுக்குக் கிடைக்கும் மருத்துவ வசதி குறித்துச் சங்கமித்ரா ஆச்சார்யா மேற்கொண்ட ஆய்வு 2010இல் வெளியானது. மருந்து கொடுக்கும்போதும் தொடுதலைத் தவிர்க்கும் தீண்டாமையை அது பதிவு செய்தது. சேரிக்குள் நுழையாத பணியாளர் திரட்டும் தரவில் சேரி இருக்காது.

எனவே, பணியாளர்களை ஆய்வில் சேர்ப்பது மட்டும் போதாது. ஆய்வுக் கேள்விகளை வகுக்கும் அவையில் தலித் பணியாளர்களும் அப்பகுதி மக்களும் இடம்பெற வேண்டும். தரவுகள் குடியிருப்பு வாரியாகவும், தனிமனித அடையாளம் வெளிப்படாத வகையில் சாதி வாரியாகவும் பகுக்கப்பட வேண்டும். ஊக்கத்தொகையை மட்டுமே நம்பியிருக்கும் ஆஷா பணியாளர்கள்மீது ஊதியமின்றி ஆய்வுப் பணியைச் சுமத்துவது பங்கேற்பு ஆகாது, அது சுரண்டல். உழைப்புக்கு ஊதியமும், ஆய்வறிக்கையில் பெயரும், குறைகளைச் சொல்வோருக்குப் பாதுகாப்பும் உறுதிசெய்யப்படும்போதே அது உண்மையான பங்கேற்பாகும்.