எந்த போஸ்?

போஸ் என்றதும் உங்களுக்கு யார் நினைவு வருகிறது? நேதாஜி சுபாஷ் சந்திர போஸ்தானே! அவருடைய படையில் தமிழர் பலர் இருந்தார்கள். மதுரை, இராமநாதபுரம் பக்கம் பிள்ளைகளுக்கே போஸ் என்று பெயர் வைத்தார்கள்.

ஆனால் வங்காளத்தில் போஸ் என்பது குடும்பப் பெயர். அப்பா, மகன், பேரன் எல்லோருக்கும் அது வரும். பாசு என்றும் எழுதுவார்கள். ஜோதி பாசுவின் பாசுவும் இதுதான். முன்னால் உள்ள பெயரையும் படித்தால்தான் ஆள் தெரியும்.

விடுதலைப் போரில் 1908-இல் தூக்கிலிடப்பட்டவர் குதிராம் போஸ். அப்போது அவருக்கு வயது 18தான்! செடி வளர்வதை அளக்கக் கருவி செய்தவர் ஜகதீஷ் சந்திர போஸ். ஹௌராவில் பெரிய ஆலமரம் உள்ள தோட்டத்துக்கு 2009-இல் அவர் பெயரை வைத்தார்கள். கொல்கத்தா விமான நிலையத்துக்கோ நேதாஜியின் பெயர். இரண்டு பலகையிலும் போஸ் இருக்கும்.

சத்தியேந்திர நாத் போஸ் கதை இன்னும் வியப்பானது. 1924-இல் ஒளியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைனே அதை ஜெர்மன் மொழியில் எழுதி அச்சிட வைத்தார். பிறகு ஒருவகை நுண்துகளுக்குப் போசான் என்று போஸின் பெயரையே வைத்தார்கள். ஒளித்துகளும் அந்த வகைதான். விளக்கைப் போட்டால் வீடெல்லாம் போசான்!