வடநாட்டுச் சிட்டும் மைசூர் மூங்கிலும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பிளிகிரிரங்கன் மலையிலோ, பந்திப்பூரை ஒட்டிய காடுகளிலோ மூங்கிற் புதர்களின் ஓரமாக நடந்து செல்வோர் ஒரு சிறு பறவைக் கூட்டத்தைக் காணக்கூடும். சிட்டுக்குருவியின் பருமன்; கோடுபட்ட பழுப்பு மேனி; விதைகளை உடைப்பதற்கென்றே அமைந்த தடித்த குட்டை அலகு. கூட்டத்தில் ஒன்றிரண்டு ஆண் பறவைகளுக்கு மட்டும் தலையும் மார்பும் செந்நிறம் பூசினாற்போல் இருக்கும். ஆங்கிலேயர் இதற்கு 'ரோஸ் பின்ச்' என்று பெயரிட்டனர். நாம் ரோஜாச் சிட்டு என்று அழைப்போம்.

பங்குனி, சித்திரையில் இக்கூட்டம் மறைந்துவிடும். இப்பறவை மைசூர்ச் சீமையில் கூடு கட்டுவதில்லை. ஆண்டில் பாதிக்கு மேல் நம் நாட்டின் தானியத்தையும் கனியையும் உண்டு வாழ்வது, குஞ்சு பொரிப்பதற்கு மட்டும் ஏன் இத்தனை தொலைவு செல்ல வேண்டும்? இக்கேள்விக்கு விடை தேடினால், குருவியின் கதையோடு நம் கதையும் சிறிது வெளிப்படும்.

தெலுங்கு மக்கள் இக்குருவியை மூங்கிலோடு சேர்த்தே பெயரிட்டு வழங்கியதை 19ஆம் நூற்றாண்டில் ஜெர்டன் என்னும் பறவையறிஞர் குறித்து வைத்தார். மூங்கில் விதையின்மேல் இதற்குள்ள விருப்பம் அத்தகையது. ஆனால் அது பிறந்த வீடு வேறு. இமயத்தில் ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்துப் புதர்கள் தொடங்கி, நடு ஆசியா, சைபீரியா, பின்லாந்து, சுவீடன் வரை இவ்வினம் இனப்பெருக்கம் செய்கிறது. வடகோடிக்குச் செல்பவை மே மாத இறுதியில்தான் அங்குப் போய்ச் சேர்கின்றன. பெண் குருவி தாழ்ந்த புதரில் கூடு கட்டி, நீல நிறத்தில் கரும்புள்ளி இட்ட நான்கைந்து முட்டைகளை இடுகிறது. பன்னிரண்டு நாள் அளவில் அவை பொரிகின்றன. தாயும் தந்தையும் விதைகளை இரைப்பையில் நிரப்பி வந்து கக்கி ஊட்டுகின்றன. ஆகஸ்ட் மாதத்தில் மீண்டும் தென்திசைப் பயணம். இல்லறம் முழுவதும் இரண்டு, மூன்று மாதங்களுக்குள் முடிந்துவிடுகிறது!

இவ்வளவு அவசரம் ஏன்? பின்லாந்தின் தென்பகுதியில் நடுக்கோடைப் பகல் 18 மணி நேரத்திற்கும் அதிகம். பூண்டுகள் பலவும் விதை ஈனும் காலம் அது. நாள் முழுவதும் இரை தேடிக் குஞ்சுகளை வளர்க்கலாம். மைசூரிலோ மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றரை மணி நேரமே. இங்கு இனப்பெருக்கக் காலத்தைப் பெரிதும் வகுப்பது மழை. நம் தூக்கணாங்குருவியைப் பாருங்கள்: தென்மேற்குப் பருவமழை பெய்து, கூடு பின்னப் பசும்புல்லும் குஞ்சுகளுக்குப் பூச்சியும் பெருகிய பின்னரே அது கூடு தொங்கவிடும். ஒன்று மழையை நம்பி வாழ்கிறது. மற்றொன்று வெயிலை நம்பி வாழ்கிறது.

புறப்படும் நாளைக் குருவிக்கு அறிவிப்பது எது? பகலின் நீளமே முதன்மையான அறிவிப்பு. பறவையின் மெல்லிய மண்டையோட்டையும் ஊடுருவி மூளைக்குள் செல்லும் ஒளியை அங்குள்ள உணர்வணுக்கள் அறிகின்றன. பகல் நீளும்போது சுரப்பிகள் விழிக்கின்றன. மாரிக்காலத்தில் சுருங்கிக் கிடந்த இனப்பெருக்க உறுப்புகள் பன்மடங்கு பெருக்கின்றன. பயணத்திற்கு எரிபொருளாகக் கொழுப்பும் சேர்கிறது. 1980களில் காசி இந்து பல்கலைக்கழக அறிஞர் ரோஜாச் சிட்டுகளுக்குச் செயற்கையாக நீண்ட பகலை அளித்து, இவ்விளைவுகளைக் கண்டனர். இதற்கு மேலும் ஒரு கருவி உண்டு. பகலும் இரவும் மாறாத அறைகளில் பாடும் சிறு பறவைகளை ஆண்டுக்கணக்கில் வளர்த்த ஜெர்மானிய அறிஞர் க்வின்னர், அவற்றின் உடலுக்குள்ளேயே ஓர் ஆண்டுக் கடிகாரம் ஓடுவதை நிறுவினார். நம் புகைவண்டி கால அட்டவணையை நிலையத்துச் சுவரில் ஒட்டுகிறோம். பறவையோ அதை உடலிலேயே சுமந்து செல்கிறது.

இனி இதன் குல வரலாறு. ரோஜாச் சிட்டு வகையில் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை இமயத்திலும் மேற்குச் சீன மலைகளிலும் வாழ்கின்றன. ஆசியாவே இதன் தாயகம். இக்குலத்தின் ஒரு கிளை பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பசிபிக் கடலின் ஹவாய்த் தீவுகளை அடைந்ததை 2011இல் வெளியான மரபணு ஆய்வு காட்டிற்று. சென்றவை திரும்பவில்லை. தேனுண்ண வளைந்த அலகு, பட்டையைப் பெயர்க்கும் அலகு எனத் தலைமுறைதோறும் மாறி, ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்களாகப் பிரிந்தன.

நம் சிட்டு வேறு வழியை மேற்கொண்டது. 20ஆம் நூற்றாண்டில் அது மேற்கே ஐரோப்பாவில் பரவிற்று. 1982இல் ஸ்காட்லாந்திலும் கூடு கட்டியது. ஆயினும் மாரிக்காலம் கழிக்க அண்மையிலுள்ள ஆப்பிரிக்காவுக்குச் செல்லவில்லை. ஐரோப்பாவில் பிறந்த குருவிகளின் முதுகில் சிறு கருவிகளைக் கட்டி ஆராய்ந்தபோது, அவை கிழக்கு நோக்கிப் பறந்து, பாகிஸ்தானிலும் இந்தியாவிலும் தங்கியது தெரியவந்தது. முன்னோர் மேற்கே பரவிய திசையைத் தலைகீழாகப் பிடித்து, ஆண்டுதோறும் பழைய வீட்டுக்குத் திரும்புகின்றன!

இங்கே அவை வெறுமனே தங்கி உண்டு செல்வதில்லை. ஐரோப்பாவிலிருந்து வருபவை, குஞ்சு வளர்த்துக் களைத்த பின், பழைய இறகுகளுடனேயே பறந்து வந்து, இங்குதான் இறகு உதிர்த்துப் புத்திறகு பூணுகின்றன. ஆண் பறவையின் செந்நிறம் உணவிலுள்ள மஞ்சள் நிறப்பொருளை அதன் உடல் செந்நிறமாக மாற்றுவதால் உண்டாவது. புத்திறகின் வெளிறிய நுனி தேயத் தேய, உள்ளிருக்கும் சிவப்பு இளவேனிலில் வெளிப்படும். ஆகவே வடக்கே பேடையைக் கவரும் அச்செந்நிறம் நம் நாட்டுக் கனியிலும் விதையிலும் தோய்த்தெடுத்த சாயம்.

ஐரோப்பாவில் இக்குருவியின் தொகை அண்மைப் பல ஆண்டுகளாகக் குறைந்து வருகிறது. அங்குள்ள கூட்டைக் காத்து, இங்குள்ள புதரை 'வீண் முட்செடி' என்று கொளுத்தினால் குருவி வாழாது. மூங்கிலோ பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை பூத்து விதை ஈன்று மடிவது. அதற்கு இடம் விடாமல் வெட்டினால், அவ்விருந்தை மீண்டும் காண ஒரு தலைமுறையே ஆகும்.

'உங்கள் சொந்த ஊர் எது?' என்று மைசூரில் பிறந்த நம் பிள்ளைகளிடம் கேட்போர் உளர். மதுரை என்பதா, மைசூர் என்பதா எனக் குழந்தைகள் விழிக்கின்றனர். இக்கேள்வியை ரோஜாச் சிட்டிடம் கேட்டால், குரல் ஓர் ஊரில் ஒலிக்கும், நிறம் மற்றோர் ஊரில் ஏறும் என்றுதான் அது விடை கூறும். வரும் கார்த்திகையில் ஒரு ஞாயிறன்று பிள்ளைகளை அழைத்துச் சென்று, மூங்கிலின் மறைவில் அக்குருவியைக் காட்டுங்கள்.